153 பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அவர் படித்த லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளி 153 பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு தருவதற்காகத் தொடங்கப்பட்டது என்று ஒரு வரி வருகிறது. அதென்ன 153? அப்புறம், அந்த ஊரில் காசு கட்டிப் படிக்கிற பள்ளியைத்தான் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்கிறார்கள். முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்த எனக்கு அந்தப் பெயரே உறுத்துகிறது. இந்த மாதிரிப் பள்ளிகளின் வரலாற்றை நாம் எதற்குப் படிக்க வேண்டும்? மகள் லண்டனில் இருக்கிறாள், மே மாதம் போகிறோம். அங்கே பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

கே., பாளையங்கோட்டை

அன்புள்ள கே.,

153 மீன் கணக்கு. பாளையங்கோட்டைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில், இரவு முழுக்க ஒன்றும் அகப்படாத சீடர்கள் இயேசு சொன்ன பக்கம் வலையைப் போட்டு இழுத்தபோது அதில் இருந்த பெரிய மீன்கள் 153. உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கு வெள்ளியில் செய்த சின்ன மீன் ஒன்றை அடையாளமாகக் கொடுப்பது அந்தப் பள்ளியின் பழைய வழக்கம். ஆனால் பள்ளியைத் தொடங்கியவர் எழுதிவைத்த விதிகளில் மீனைப் பற்றிப் பேச்சே இல்லை. ‘பள்ளியில் உள்ள இருக்கைகளின் எண்ணிக்கைப்படி 153’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். எழுதியவர் செயின்ட் பால்ஸ் கதீட்ரலின் தலைமைக் குரு. இருக்கைகளை எண்ணிப் போடச் சொன்னபோது அவர் மனதில் அந்த வலை இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

அவர் பெயர் ஜான் காலெட். அப்பா ஹென்றி காலெட் துணி வணிகர், இரண்டு முறை லண்டன் மேயராக இருந்தவர். அவருக்குப் பிறந்தது இருபத்திரண்டு பிள்ளைகள். பிழைத்து நின்றது ஜான் ஒருவர்தான். இருபத்தொரு உடன்பிறப்புகளை இழந்த மனிதர், அப்பா விட்டுப்போன சொத்தைக் கொண்டு ஊரார் பிள்ளைகளுக்கு 1509இல் பள்ளி தொடங்கினார். இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் அவர் சிறுவர்களுக்காக எழுதிய லத்தீன் இலக்கணத்தின் முன்னுரையைப் படித்தால் உங்களுக்கும் தொண்டை அடைக்கும். ‘உங்கள் சின்னஞ்சிறு வெண்கைகளை எனக்காக உயர்த்துங்கள், நானும் உங்களுக்காகக் கடவுளிடம் வேண்டுகிறேன்’ என்று பிள்ளைகளிடம் கேட்கிறார். இலக்கணப் புத்தகத்தில்!

பள்ளியின் நிர்வாகத்தை யாரிடம் ஒப்படைத்தார் என்பதும் முக்கியம். குருவாக இருந்தும் அவர் திருச்சபையிடம் கொடுக்கவில்லை, பிஷப்பிடம் கொடுக்கவில்லை. அப்பாவின் துணி வணிகர் சங்கமான மெர்சர்ஸ் கம்பெனியிடம் கொடுத்தார். ஏன் என்று அவருடைய நண்பரான டச்சு அறிஞர் எராஸ்மஸ் எழுதிவைத்திருக்கிறார். மனித காரியங்களில் எதுவும் நிச்சயமில்லை, ஆனாலும் பெண்டாட்டி பிள்ளைகளோடு வாழ்கிற நல்ல பெயருள்ள நகரத்தார்களிடம்தான் ஊழல் குறைவாக இருக்கக் கண்டேன் என்று காலெட் சொன்னாராம். கிறிஸ்தவ உலகம் கத்தோலிக்கம், புராட்டஸ்டண்ட் என்று பிளவுபடுவதற்குச் சில வருடங்கள் முன்பு ஒரு குரு எடுத்த முடிவு இது. அந்தத் துணி வணிகர் சங்கம்தான் ஐந்நூறு வருடம் கழித்து இன்றும் அந்தப் பள்ளிக்குப் பொறுப்பு.

சரி, எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். நான் படிப்பது காலெட்டின் விதிகளுக்காக. 1518இல் அவற்றை எழுதி முதல் தலைமையாசிரியர் வில்லியம் லில்லியின் கையில் கொடுத்தார். எல்லா தேசத்துப் பிள்ளைகளையும் வேறுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. வகுப்பு காலை ஏழிலிருந்து பதினொன்று, மதியம் ஒன்றிலிருந்து ஐந்து. விடியாத குளிர்காலக் காலையில் மெழுகுத்திரிதான் ஏற்ற வேண்டும், விலை குறைந்த கொழுப்புத்திரி எந்தக் காலத்திலும் கூடாது. மெழுகுத்திரிக்குக் காசு பிள்ளையின் வீட்டார் பொறுப்பு. தலைமையாசிரியருக்கு நல்ல லத்தீன் தெரிந்திருக்க வேண்டும், ‘அப்படி ஒருவர் கிடைத்தால்’ கிரேக்கமும். இங்கிலாந்தில் கிரேக்கம் தெரிந்த வாத்தியார் எவ்வளவு அரிது என்பது அந்த ஒரு சொற்றொடரிலேயே தெரிகிறது. லில்லி கிடைத்தார். ஜெருசலேமுக்கு யாத்திரை போனவர், ரோட்ஸ் தீவில் தங்கிக் கிரேக்கம் கற்றவர். காலெட்டும் லில்லியும் எராஸ்மஸும் கைவைத்து உருவான லத்தீன் இலக்கணம், 1540களில் அரச ஆணையால் நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடநூல் ஆனது.

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் வேறு. சேரும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு தடவை நான்கு பென்னி தர வேண்டும், பெயரைப் பதிவேட்டில் எழுதுவதற்கு. அந்தக் காசு பள்ளிக்குப் போகாது. பள்ளியைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கும் ஏழை மாணவனுக்குப் போகும். இன்னொரு விதி, சிறுநீர் கழிக்க ஒதுக்கிய இடத்தைப் பற்றியது. சேர்ந்ததை ஒரு ஏழைப் பிள்ளை அவ்வப்போது அப்புறப்படுத்த வேண்டும், அதில் வரும் ஆதாயம் அவனுக்கே. தோல் பதனிடவும் துணி வெளுக்கவும் சிறுநீர் விலைபோன காலம் அது.

வகுப்பறை எப்படி இருந்தது என்பதற்கு எராஸ்மஸின் கடிதம் இருக்கிறது. ஒரே பெரிய கூடம், நடுவே திரைச்சீலைகள். பெஞ்சுக்குப் பதினாறு பேர், அதில் முதலிடம் பெற்றவனுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் உயர்ந்த இருக்கை. தலைமையாசிரியரின் நாற்காலிக்கு மேலே போதிக்கும் பாவனையில் பால இயேசுவின் சிற்பம். இந்தக் கூடத்தில் விளக்குமாறு பிடித்த பையன் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பான் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பெருக்கவைத்தது அநியாயம்தான். ஆனால் பெருக்கிவிட்டு அவனும் அதே லத்தீனைத்தான் படித்தான். அவன் பெயர் எங்கேயும் இல்லை. பழைய மாணவர் பட்டியல் மில்டன், நாட்குறிப்பு எழுதிய பீப்ஸ், வால்நட்சத்திர ஹாலி என்று நீளும். யாழ்ப்பாணத்தில் அதிகாரியாக இருந்த லெனர்ட் வுல்ஃபும் அதில் உண்டு. பள்ளி வரலாறு என்றால் இந்தப் பட்டியல்தான் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

‘பப்ளிக்’ விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு வாத்தியாரை வரவழைத்துப் படிப்பது தனிப்படிப்பு. எந்த ஊர்ப் பிள்ளையும் வந்து சேரலாம் என்று திறந்துவைத்த பள்ளி பொதுப்பள்ளி. பெயரின் ஆதி அர்த்தம் அவ்வளவுதான். 1861இல் கிளாரண்டன் பிரபு தலைமையில் அரசு அமைத்த குழு ஈட்டன், ஹாரோ, ரக்பி என ஒன்பது பள்ளிகளை ஆராய்ந்தது, செயின்ட் பால்ஸும் அதில் ஒன்று. அதன்பின் வந்த 1868ஆம் ஆண்டுச் சட்டம், விடுதியில் தங்கிப் படிக்காத பகல் பள்ளிகளான செயின்ட் பால்ஸையும் மெர்ச்சன்ட் டெய்லர்ஸையும் விட்டுவிட்டது. சட்டம் விட்டாலும் பெயர் ஒட்டிக்கொண்டது, கட்டணமும் வந்தது. இன்று அது நாட்டின் விலை கூடிய பள்ளிகளில் ஒன்று. உதவித்தொகைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் நான்கு பென்னியோடு முடிய வேண்டும் என்று எழுதியவரின் பள்ளி அது. உங்களுக்கு உறுத்துவது நியாயம், எனக்கும் உறுத்துகிறது.

பார்க்க என்ன மிச்சம்? காலெட் கட்டியது 1666 பெருந்தீயில் போய்விட்டது. அப்போதைய தலைமையாசிரியர் சாமுவேல் குரோமல்ஹோமின் சொந்த நூலகமும் தீயில் போனது. லண்டனிலேயே சிறந்த தனியார் நூலகம் என்பார்கள், அந்தத் துயரமே அவர் ஆயுளைக் குறைத்தது என்றும் சொல்வார்கள். கதீட்ரல் பக்கத்திலேயே திரும்பக் கட்டி, 1884இல் மேற்கே ஹாமர்ஸ்மித்துக்குப் போனார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிள்ளைகள் கிராமப்புறத்துக்குப் போக, கட்டடம் ராணுவத் தலைமையகமானது. நார்மண்டிப் படையெடுப்புத் திட்டத்தை 1944 மே 15இல் மன்னருக்கும் சர்ச்சிலுக்கும் அங்கேதான் விளக்கினார்கள். விளக்கியவர்களில் ஒருவரான தளபதி மான்ட்கோமரி அதே பள்ளியில் படித்தவர். 1968இல் தேம்ஸுக்குத் தென்கரையில் பார்ன்ஸுக்கு மாறினார்கள், இன்றும் அங்கேதான்.

ஹாமர்ஸ்மித் கட்டடத்தைப் பெரும்பாலும் இடித்துவிட்டார்கள். மைதானத்தில் ஒரு பகுதி இப்போது பூங்கா, பேரப்பிள்ளைகள் இருந்தால் கூட்டிப்போகலாம். சாலையோரமாக 1884இன் மிச்சமாகச் செந்நிறக் கட்டடம் ஒன்று நிற்கிறது, இப்போது ஹோட்டல். வாசலில் கதவு எண்ணைப் பாருங்கள், 153.

அன்புடன்