“சாவியை எடுத்துட்டு வாடா” என்று நண்பர்கள் கூப்பிட்டால்...

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகனுக்கு 15 வயது. அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஞாயிறு விடியற்காலையில் நந்தி ஹில்ஸ் வரச்சொல்லி நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். வராவிட்டால் ‘அம்மா பிள்ளை’ என்று கேலி. எவ்வளவு சொன்னாலும் “தெரியும்மா” என்கிறான். என்ன செய்வது?

பதில்: அவனுக்குத் தெரியும் என்பது உண்மைதான், அம்மா. வீட்டில் இருக்கும்போது தெரிவது, நாலு பேர் முன்னால் மறந்துவிடுகிறது. 2005-ல் கார்ட்னர், ஸ்டெய்ன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது, 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியவர்களைவிட அதிகமாகத் துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் பெரிதாக இல்லை.

அதனால் இன்னொரு அறிவுரை வேண்டாம். அந்த நிமிஷத்தில் சொல்ல ஒரு வரி கொடுங்கள். “தப்புடா” என்று சொன்னால் அவன் வாத்தியாராகிவிடுவான், கேலி கூடும். “எங்கப்பா ராத்திரியே சாவியைப் பூட்டி வச்சிடுறார் மச்சி” என்று பழியை உங்கள் மேல் போடட்டும். அது பொய்யாகிவிடாமல் நிஜமாகவே பூட்டி வையுங்கள். நீங்கள் நண்பனாக நடித்து, கேலியும் செய்து, அவனைப் பதில் சொல்ல வையுங்கள். முதல் இரண்டு தடவை சிரிப்பான், பரவாயில்லை. கூடவே, “சாயங்காலம் கிரிக்கெட்டுக்கு வரேன்” என்று சேர்க்கச் சொல்லுங்கள். அவனுக்கு நண்பர்கள் வேண்டும், வண்டிதான் வேண்டாம்.

பின்விளைவு என்றதும் விபத்தைச் சொல்லிப் பயமுறுத்தத் தோன்றும். ‘எனக்கெல்லாம் ஆகாது’ என்று நினைக்கிற வயசு இது. அதைவிட 25 என்ற எண்ணைச் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் 25 வயதுவரை அவருக்கு லைசென்ஸ் கிடையாது. எல்.எல்.ஆர். கூடக் கிடையாது. பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க வேண்டிய முயற்சியெல்லாம் எடுத்தோம் என்றோ நிரூபித்தால்தான் தப்பலாம். வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்தாகும்.

நண்பர்கள் 18-ல் லைசென்ஸ் எடுப்பார்கள், நீ எப்போது என்று கேளுங்கள். 22 வயதில் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்தால் அல்சூரிலிருந்து எப்படிப் போவாய் என்றும் கேளுங்கள். கணக்கை அவனே போடட்டும், நீங்கள் முடித்துவைக்காதீர்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பால் வாங்க, முக்குக் கடை வரைக்கும்தானே என்று நீங்களே அவன் கையில் சாவியைக் கொடுத்தது உண்டா? உண்டென்றால் அதை முதலில் நிறுத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் போய் மாட்டிக்கொள்ளலாம். எந்த நேரமானாலும் கூப்பிடு, வந்து அழைத்துப்போகிறேன், அன்றைக்கு ஒன்றும் கேட்கமாட்டேன் என்று இப்போதே சொல்லிவையுங்கள். கேட்க வேண்டியதையெல்லாம் மறுநாள் காலை காபிக்கு அப்புறம் கேளுங்கள்.