பசையைக் கழுவலாமா?

கேள்வி: தாத்தாவின் ஆல்பத்தில் 1948-இல் வந்த காந்தி 10 ரூபாய் ஸ்டாம்ப் இருக்கிறது, முத்திரை விழாதது. பின்பக்கப் பசை பழுப்பேறி, ஹிஞ்ச் (ஸ்டாம்பை ஆல்பத்தில் ஒட்ட உதவும் சிறு பசைத்தாள்) ஒட்டிய தடமும் தெரிகிறது. ஊறவைத்துச் சுத்தம் செய்யலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: ஐயோ, தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். முத்திரை விழாத ஸ்டாம்பில் ஹிஞ்ச் தடம் இருந்தால் விலை குறையும், உண்மைதான். ஆனால் பசையே இல்லையென்றால் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் கேட்பார்கள். இதனால்தான் சிலர் புதுப் பசை தடவி விற்கிறார்கள், வாங்கும்போது உஷார். ஓரப் பற்களை லென்ஸில் பாருங்கள்: பசை தடவிய பிறகுதான் தாளில் துளை போடுவார்கள் என்பதால், அசலில் பல் நுனி நார் நாராக, மெத்தென்று இருக்கும், பின்னால் தடவியதில் நுனி வரை பசை ஏறி விறைத்து நிற்கும்.

அப்புறம், கழுவியே ஆகவேண்டிய ஸ்டாம்பும் உண்டு! 1935-இல் ஜெர்மனி கோனிக்ஸ்பெர்க் கண்காட்சிக்காக வெளியிட்ட ஆஸ்ட்ரோபா என்ற ஸ்டாம்ப் ஷீட்டின் பசையில் கந்தக அமிலம் இருந்து, தாளையே அரித்தது. அதனால் பலர் பசையை நீக்கித்தான் காப்பாற்றினார்கள். உங்கள் காந்திக்கு அந்த வைத்தியம் வேண்டாம், ஈரம் படாமல் ஹிஞ்ச் தேவைப்படாத உறையில் போட்டு வையுங்கள், போதும்.