மாத்திரையில் கரையாதா, டாக்டர்?

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. இரண்டு வாரமாகப் பேச்சு குழறுகிறது, இடது காலை இழுத்து நடக்கிறார், படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுகிறது. வயசாகிவிட்டது, மறதி நோய் என்றார்கள் சொந்தக்காரர்கள். ஸ்கேன் எடுத்தால் மூளைக்கு மேலே ரத்தம் தேங்கியிருக்கிறதாம், மண்டையில் துளை போட வேண்டுமாம். தலையில் அடி எதுவும் படவில்லையே! இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். மாத்திரையில் கரைக்க முடியாதா?
— ஒரு வாசகி, தேனி

பதில்: பெரிய அடி வேண்டியதில்லை அம்மா. நிலைப்படியில் இடித்துக்கொண்டாலே போதும். என்னிடம் வந்த பலருக்கு அந்த இடி ஞாபகத்துக்கு வந்ததே ஆபரேஷன் முடிந்து தெளிந்த பிறகுதான்.

வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். மூளையிலிருந்து மேலுறைக்குப் போகும் மெல்லிய சிரைகள் அப்போது இழுபட்டு நிற்கும். அதில் ஒன்று அறுந்தால் ரத்தம் கசியும். ஆஸ்பிரின் அதை லேசில் நிற்க விடாது. உள்ளே இடம் இருப்பதால் சில வாரம் ஒன்றுமே தெரியாது. அப்புறம்தான் கால் இழுக்கும், தூக்கம் அதிகமாகும். இடது கால் என்பதால் ரத்தம் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும்; ஸ்கேன் படத்தில் பிறை மாதிரி தெரிவது அதுதான். நான் படித்த காலத்தில் ஸ்கேன் ஏது? கழுத்து ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்து, குழாய்கள் எலும்பை விட்டு விலகியிருக்கின்றனவா என்று பார்த்துக் கண்டுபிடிப்போம்.

மாத்திரைக்கு வருகிறேன். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை பிரிட்டனில் பெரிய அளவில் சோதித்தார்கள். 2020இல் முடிவு வந்தது: ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அதைச் சாப்பிட்டவர்களின் நிலைதான் மோசம். தொந்தரவே தராத சின்னத் தேக்கம் என்றால் பொறுத்துப் பார்க்கலாம். உங்கள் மாமனார் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

துளை என்றதும் பயப்படாதீர்கள். சட்டைப் பொத்தானை விடச் சற்றுப் பெரிது, ஒன்றோ இரண்டோ. மூளையைத் தொடுவதில்லை. பழைய ஸ்கூட்டர் ஆயில் போல ரத்தம் வடியும், கழுவி விடுவோம். உடம்பு தாங்காது என்றால் மரக்க ஊசியிலேயே செய்யலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு நாள் வடிகுழாய் வைப்பார்களா? 2009இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில், குழாய் வைக்காதவர்களில் 100க்கு 24 பேருக்கு ரத்தம் திரும்பச் சேர்ந்தது. வைத்தவர்களில் 9 பேருக்குத்தான்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் கொடுக்கவும் வேண்டாம். மாத்திரை அட்டையோடு போங்கள், ஸ்டென்ட் வைத்திருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். எழுப்பினால் எழவில்லை, வாந்தி எடுக்கிறார் என்றால் ஆபரேஷன் தேதிக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.