நீராவி இயந்திரம் பூட்டிய போர்க்கப்பலில் பாய்மரம் எதற்கு?

கேள்வி கேட்டவர் நூதனசாலை ஒன்றில் போர்க்கப்பல் மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறார். நடுவில் புகைபோக்கி, முன்னும் பின்னும் முழு உயரப் பாய்மரங்கள். மாதிரி செய்தவர் பிழை விட்டாரா என்று கேட்கிறார். பிழை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் முப்பது நாற்பது வருடம் போர்க்கப்பல்கள் அப்படித்தான் ஓடின.

எனக்கு இது முல்லைத்தீவில் அப்பப்பாவின் வள்ளத்திலேயே விளங்கிய விஷயம். யமஹா மெசின் பூட்டிய பிறகும் அவர் பாயைச் சுருட்டி வள்ளத்துக்குள்ளேயே வைத்திருந்தார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் எரிபொருள் கிடைக்காமல் போனபோது, மெசின் சாக்குக்குள் கட்டித் திண்ணையில் கிடந்தது, பாய் கடலுக்குப் போனது. மெசின் மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் ஸ்டார்ட் பண்ணப் பெட்ரோல் வேண்டும். பெட்ரோலைச் சோடா மூடியால் அளந்த காலம் அது. "காத்துக்கு ஆரும் தடை போடேலாது" என்பார் அப்பப்பா.

கடற்படைகளும் இதே கணக்கைத்தான் போட்டன. அவர்களுக்கு மண்ணெண்ணெயின் இடத்தில் நிலக்கரி. அன்றைய கொதிகலன்கள் பெரும்பாலும் கடல்நீரையே கொதிக்கவைத்தன. உள்ளே உப்புப் படியும், அழுத்தத்தைக் கூட்ட முடியாது, நிலக்கரியோ மலைமலையாய்ப் போகும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்தலின் அடியைப் பார்த்தவருக்கு அந்தச் சிக்கலை விளக்கத் தேவையில்லை. தூரக் கடலில் நிலக்கரி முடிந்தால் கப்பல் வெறும் மிதவைதான். அதனால் நெடும்பயணத்துக்குப் பாய், சண்டைக்கும் காற்றில்லாத நேரத்துக்கும் இயந்திரம்.

முதலில் வந்தவை பக்கச் சில்லுக் கப்பல்கள், இரு பக்கமும் பெரிய சில்லு சுழன்று தண்ணீரைத் தள்ளும். போர்க்கப்பலின் பலமே விலாவில் வரிசையாக நிற்கும் பீரங்கிகள்தான், அந்த இடத்தைச் சில்லு பிடித்துக்கொண்டது. ஒரு குண்டு பட்டால் அதுவும் போச்சு. 1845இல் பிரித்தானியக் கடற்படை, புரொப்பெல்லர் பூட்டிய 'ராட்லர்' கப்பலையும் சில்லுப் பூட்டிய 'அலெக்டோ'வையும் பின்பக்கம் பின்பக்கமாகக் கட்டி இழுக்கவிட்டது. ராட்லர் மற்றதைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. (புரொப்பெல்லர் கப்பல்களுக்குக் கடற்படை அதற்கு முன்பே உத்தரவு கொடுத்துவிட்டது. இது ஊருக்குக் காட்டிய வித்தை.) 1850இல் பிரான்ஸ் 90 பீரங்கிகளோடு 'நெப்போலியன்' கப்பலைப் புரொப்பெல்லருடன் இறக்கியது.

எனக்குப் பிடித்தது 1860இல் நீரில் இறங்கிய பிரித்தானிய இரும்புக் கப்பல் 'வாரியர்'. இன்றும் போர்ட்ஸ்மத்தில் நிற்கிறது. பாயில் ஓடும்போது புரொப்பெல்லர் தண்ணீரை இழுத்து வேகத்தைக் குறைக்கும். அதனால் பின்பக்கத்தில் கிணறு மாதிரி ஒரு துளை வைத்து, ஏறத்தாழ 26 தொன் எடையுள்ள அந்தப் புரொப்பெல்லரை நூற்றுக்கணக்கான மாலுமிகள் கயிறு பிடித்து மேலே தூக்கினார்கள். புகைபோக்கிகளையும் தாழ்த்துவார்கள். நாங்கள் மெசினை ஒரு கையால் சரித்துப் புரொப்பெல்லரைத் தண்ணீருக்கு மேலே எடுத்துவிட்டுப் பாயை விரிப்போம். வேலை ஒன்றுதான், ஆள்தான் குறைவு.

பிறகு கப்பலின் மேலே சுழலும் பீரங்கிக் கூண்டுகள் வந்தன. அவற்றுக்குப் பாய்மரமும் கயிறுகளும் இடைஞ்சல். இரண்டையும் சேர்த்துக் கட்டிய 'கேப்டன்' கப்பலில் மரங்கள் மிக உயரம், தளமோ நினைத்ததைவிடத் தாழ்வு. 1870 செப்டம்பரில் ஸ்பெயினின் பினிஸ்தேரே முனைக்கு அப்பால் இரவுக் காற்றில் அது கவிழ்ந்தது. ஏறத்தாழ 480 பேர் போனார்கள், அதை வடிவமைத்த கூப்பர் கோல்ஸும் அவர்களில் ஒருவர். அடுத்த வருடமே பாய் இல்லாத 'டெவஸ்டேஷன்' நீரில் இறங்கியது. அது கேப்டன் கவிழ்வதற்கு முன்பே கட்டத் தொடங்கிய கப்பல், ஆகவே பாய் போனதற்கு விபத்து ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒரே நீராவியை இரண்டு தரம் வேலை வாங்கும் இயந்திரங்களால் நிலக்கரிச் செலவு குறைந்ததும், வழி நெடுக நிலக்கரித் துறைகள் வந்ததும்தான் பாயை மெல்ல மெல்ல இறக்கின.

சரி, மாதிரிக்கு வருவோம். லண்டனில் அக்காவிடம் போனபோது ஒரு நூதனசாலையில் அரைநாள் நின்றேன். பழைய பாய்க்கப்பல் மாதிரிகள் பல 48இல் ஒரு பங்கு அளவில், கீழ்ப்பாதி பலகை அடிக்காமல் விலா எலும்பு தெரிய இருக்கும். நீராவிக் காலத்தில் கப்பல் கட்டிய கம்பனிகள் செய்வித்தவை நகைக்கடைச் சாமான் மாதிரிப் பளபளக்கும். எல்லோரும் பீரங்கியைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பின்பக்கத்தைப் பாருங்கள். சுக்கானுக்கு முன்னால் புரொப்பெல்லரும், அதற்கு மேலே தளம்வரை போகும் துளையும் இருந்தால், அது அப்பப்பாவின் வள்ளத்துக்கு உறவுக்காரக் கப்பல்.