'வரலாம்' என்பதற்கு ஆங்கிலத்தில் கேனா, மேயா, மைட்டா?

கேள்வி: பாம்பனில் வேன் ஓட்டுகிறேன். வெளிமாநிலத்தவரையும் வெளிநாட்டவரையும் தனுஷ்கோடிக்கு அழைத்துப் போவேன். மழை வரலாம், பூநாரை இருக்கலாம் என எல்லாவற்றுக்கும் 'கேன்' போட்டே பேசுகிறேன். சிலர் புரியாமல் விழிக்கிறார்கள். பூநாரை இல்லாவிட்டால், 'நீங்கள்தானே சொன்னீர்கள்' என்று கோபப்படுகிறார்கள். எதை எங்கே சொல்ல வேண்டும்?

பதில்: குழப்பத்தின் வேர் நம்முடைய 'லாம்'. 'வாங்க, போகலாம்' என்றால் அழைப்பு. 'நீங்க போகலாம்' என்றால் அனுமதி. 'மத்தியானம் கரண்ட் போகலாம்' என்றால் நடக்க வாய்ப்பு உண்டு என்று பொருள். தமிழ் ஒரே விகுதியில் முடித்துக்கொள்வதை ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கிறது: முதலாவது 'லெட்ஸ் கோ', இரண்டாவது 'யூ கேன் கோ', மூன்றாவது 'தி பவர் மைட் கோ'. வாயைத் திறக்கும் முன் உங்கள் 'லாம்' எந்த லாம் என்று பார்த்துவிடுங்கள்.

வாய்ப்பைச் சொல்லும் மூன்றாவது லாமுக்குள்ளும் ஒரு பிரிவு இருக்கிறது. உங்களுக்குச் சிக்கல் வருவது அங்கேதான். 'லாம்' இருக்கும் இடத்தில் 'உண்டு' போட்டுப் பாருங்கள். 'வாடைக்காற்று நாளில் கடல் சீறுவது உண்டு' என்ற வாக்கியம் நிற்கிறது; அது பொதுவான இயல்பு. அதற்குக் கேன் சரி: 'தி சீ கேன் பி ரஃப் இன் நவம்பர்'. 'நாளைக்கு மழை வருவது உண்டு' நிற்கவில்லை. குறிப்பிட்ட ஒரு நாளைப் பற்றிய ஊகம் அது. அங்கே கேன் வராது. மே, மைட், குட் (could) மூன்றில் ஒன்று வர வேண்டும்: 'இட் மைட் ரெயின் டுமாரோ'. மைட்டைவிட மே சற்று உறுதியானது என்று இலக்கண நூல்கள் சொல்லும். அன்றாடப் பேச்சில் அந்த வித்தியாசம் மிகச் சிறியது, அதற்காகத் தயங்கி நிற்காதீர்கள். நிச்சயம் கூடுதலாக இருந்தால் 'இட் வில் ப்ராபப்ளி ரெயின்' என்று சொல்லிவிடலாம்.

பூநாரை விஷயத்துக்கு வருவோம். 'யூ கேன் சீ ஃப்ளமிங்கோஸ் தேர்' என்றால், போனால் பார்த்துவிடலாம் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். அது வாக்குறுதி போல விழுகிறது. 'வி மைட் சீ ஃப்ளமிங்கோஸ், பட் நாட் எவ்ரி டே' என்று சொல்லுங்கள். ஒரு சொல் மாறினாலே பாதிக் கோபம் குறையும்.

எதிர்மறையில் இன்னும் கவனம் வேண்டும். படகு நாளைக்குப் போகாமலும் இருக்கலாம் என்பதற்கு 'தி போட் மைட் நாட் கோ' என்பதே நல்லது. 'மே நாட்' தவறில்லை. ஆனால் அறிவிப்புப் பலகைகளில் அதற்குத் 'தடை' என்ற பொருளும் உண்டு. 'யூ மே நாட் என்டர்' என்றால் உள்ளே போகக் கூடாது. 'குட் நாட் கோ' என்றாலோ, போக முடியாமல் போயிற்று என்று நடந்து முடிந்த கதையாகிவிடும். வாய்ப்பே இல்லை என்பதற்குக் 'கான்ட்': 'தட் கான்ட் பி த லாஸ்ட் பஸ்', அதாவது அது கடைசி பஸ்ஸாக இருக்கவே முடியாது. இதன் நேர் எதிர் 'மஸ்ட்'. பாம்பன் தூக்குப் பாலம் மேலே ஏறி நிற்பதைப் பார்த்து, 'கப்பல் போகுது போல' என்று ஊகிக்கிறீர்கள் அல்லவா? அது 'எ ஷிப் மஸ்ட் பி கிராஸிங்'. 'இருக்காது' என்று மறுக்கும்போது 'மஸ்ட் நாட்' போட்டுவிடாதீர்கள், கேட்பவர் அதைத் தடை என்றே எடுத்துக்கொள்வார்.

இறந்தகாலத்தில் நம் 'லாம்' மறுபடியும் இரண்டாகப் பிரியும். 'அவர் ஊருக்குப் போயிருக்கலாம்' என்றால் தெரியவில்லை, ஒருவேளை போயிருப்பார்: 'ஹி மே ஹேவ் கான்'. 'ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்' என்றால் சொல்லவில்லை என்ற வருத்தம்: 'யூ குட் ஹேவ் டோல்ட் மி'. வருத்தத்துக்கு மே வராது. ஊகத்துக்கு 'மே ஹேவ்' போட்டால் குறை சொல்வது போல ஒலிக்காது. பயணியிடம் பேசும்போது இது முக்கியம்.

கேள்வியை 'மே இட் ரெயின்?' என்று தொடங்கக் கூடாது. 'டு யூ திங்க் இட் வில் ரெயின்?' என்று கேளுங்கள். 'மே ஐ' என்பது அனுமதி கேட்க மட்டும்.

அடிக்கடி காதில் விழும் பிழைகள் இவை: 'ஹி மே கம்ஸ்', 'ஹி மே டு கம்', 'ஹி மேபீ கம்'. கேன், மே, மைட் போன்ற சொற்களுக்குப் பின் வினைச்சொல் மொட்டையாக நிற்கும், 'ஸ்' ஒட்டாது, 'டு' வராது. 'மேபீ' என்று சேர்த்தால் அது 'ஒருவேளை'. அது வாக்கியத்தின் தலையில் நிற்க வேண்டும்: 'மேபீ ஹி வில் கம்'.

உச்சரிப்பில் ஓர் ஆபத்து இருக்கிறது. அமெரிக்கர்கள் கான்ட்டைக் 'கேன்ட்' என்பார்கள். கடைசி 'ட்' மங்கினால் 'கேன்' என்றே காதில் விழும். தனுஷ்கோடியின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் இறங்கி, 'இங்கே நீந்தலாமா?' என்று கேட்பவரிடம் அந்த ஒரு எழுத்தை நம்பாதீர்கள். 'நோ ஸ்விம்மிங் ஹியர், வெரி டேஞ்சரஸ்' என்று நிறுத்தி, தலையையும் அசைத்துச் சொல்லுங்கள்.