மூன்று குட்டி, இரண்டு காம்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இரட்டையாகப் பிறந்த பொலிகிடா ஒன்று வாங்கியிருக்கிறேன். வரும் ஈற்றில் என் செம்மறிகள் இரட்டைக் குட்டி போடுமா?

கிடாவால் அது நடக்காது. பெட்டையின் சூலகம் எத்தனை முட்டை விடுகிறதோ, அதை வைத்துத்தான் குட்டிகளின் எண்ணிக்கை. கிடா சுமக்கும் மரபணு அதன் மகள்களிடம்தான் வேலையைக் காட்டும். அவை வளர்ந்து, சினையாகி, ஈனும்வரை காத்திருக்க வேண்டும். இன்னொன்று, இரட்டையாகப் பிறந்தது மரபணுவுக்குச் சான்று ஆகாது. தீவனம் செழிப்பாக இருந்த வருடத்தில் சாதாரணப் பெட்டைகூட இரண்டு போடும்.

பூரூலா மரபணு என்கிறார்களே, அது என்ன? ஒரு பிரதி போதுமா, இரண்டு வேண்டுமா?

பெட்டை விடும் முட்டைகளைக் கூட்டி, ஈற்றுக்கு ஒன்றுக்கு மேல் குட்டி போடவைக்கும் மரபணு இது. பிரதி என்றால், தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக வருவது. இது நம் பக்கத்துச் சரக்குதான். வங்காளத்துச் சுந்தரவனப் பகுதியின் கரோல் செம்மறி ஆடு உருவத்தில் சிறியது, ஆனால் ஈற்றுக்கு இரண்டு, மூன்று போடும். 1792, 1793-ஆம் ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி ஆஸ்திரேலியா போன வங்காள ஆடுகளின் வழியாகத்தான் அங்குள்ள பூரூலா மெரினோ என்ற செம்மறி இனத்துக்கு இந்தக் குணம் வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2001-இல் மரபணு பிடிபட்டது. பிஎம்பிஆர்1பி என்ற மரபணுவில் டிஎன்ஏவின் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு பிரதி இருந்தால் ஒவ்வொரு சினைப்பருவத்துக்கும் சுமார் ஒன்றரை முட்டை கூடும். இரண்டு பிரதி இருந்தால் சுமார் மூன்று. குட்டிக் கணக்கு அப்படி இரட்டிப்பாகாது. முதல் பிரதி ஏறக்குறைய ஒரு குட்டியைக் கூட்டும் (இனத்துக்கு இனம் மாறும்), இரண்டாவது பிரதி அதற்கு மேல் அரைக் குட்டி அளவுக்குத்தான் கூட்டும். மிச்சக் கருக்கள் வயிற்றிலேயே கரைந்துபோகும். பிறக்கும் மூன்றாவது, நான்காவது குட்டியும் நோஞ்சானாக இருக்கும். ஈனும் பெட்டைக்கு ஒரு பிரதி போதும் என்பது என் கட்சி. இரண்டு பிரதி உள்ள கிடாவை மரபணு இல்லாத பெட்டைகளோடு சேர்த்தால் மகள்கள் எல்லாம் ஒரு பிரதியோடு பிறக்கும். மகாராஷ்டிரத்தின் பல்டணில் கரோலைத் தக்காணி ஆட்டோடு கலந்து உருவாக்கிய ‘நாரி சுவர்ணா’ இனத்தில் இருப்பதும் இதே மரபணுதான்.

கலப்பினப் பெட்டைகள் இரண்டிரண்டாகப் போடுகின்றன. ஆனால் குட்டிகள் எடை குறைவு. நஷ்டம்தானே?

குட்டியை எடை போடாதீர்கள், தாயைக் கணக்கிடுங்கள். ஒரு பேச்சுக்கு, ஒற்றைக் குட்டி பால் மறக்கும்போது 14 கிலோ, இரட்டையில் ஒவ்வொன்றும் 11 கிலோ என்று வையுங்கள். ஒரு தாய் தந்தது 14-ஆ, 22-ஆ? அதே இரட்டையில் ஒன்று செத்தால் மிஞ்சுவது 11. ஒற்றை போட்ட பெட்டையே மேல். பிழைத்தால் லாபம் மரபணுவுக்கு, செத்தால் நஷ்டம் நமக்கு.

பெட்டைக்குக் காம்பு இரண்டுதான். சினையின் கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டி வேகமாக வளரும், மடியும் இறங்கும். அப்போது வெறும் மேய்ச்சலை நம்பினால் தாய்க்கே சினைக்கால நச்சு நோய் வந்துவிடும். ஈன்ற அன்று, ஒதுங்கிச் சுருண்டு கிடக்கும் குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் துவட்டி, முதலில் சூடேற்றுங்கள். அந்தக் குளிரில் பாலை ஊற்றினால் புரையேறும். உடம்பு சூடு கண்டு தலை தூக்கியதும் சீம்பால். முதல் ஆறு மணி நேரத்துக்குள் அது வயிற்றுக்குள் போயாக வேண்டும்.

முதல் தலைமுறையில் நிறைய இரட்டை. பேத்திகளிடம் பாதிதான். ஏன்?

மகள்களுக்கு மரபணு இல்லாத கிடாவைச் சேர்த்திருப்பீர்கள். அப்படியானால் சராசரியாகப் பாதிப் பேத்திகளுக்குத்தான் மரபணு போகும். எவை என்று பார்வையில் தெரியாது. கொஞ்சம் ரத்தம் எடுத்து டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினால் குட்டியாக இருக்கும்போதே சொல்லிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் செலவழிக்க வேண்டாம், நிறுத்திக்கொள்ளப் போகும் கிடாக்களையும் பெட்டைகளையும் மட்டும் பாருங்கள்.

இந்த மரபணு இரண்டு பிரதி இருந்தால் பெட்டை மலடாகும் என்கிறார்களே?

பூரூலாவில் இல்லை. அது இன்வர்டேல் என்ற வேறொரு மரபணு, எக்ஸ் குரோமோசோமில் இருப்பது. ஒரு பிரதி இருந்தால் முட்டை கூடும், இரண்டு சேர்ந்தால் சூலகமே வளராது. அந்த வம்சக் கிடாவை, அதே மரபணு உள்ள பெட்டைகளோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள்.