17 வயதுக் கார்

அன்புள்ள ஐயா,

17 வருடமாக ஒரே சின்னக் கார் வைத்திருக்கிறேன். 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜின், மேனுவல் கியர். 2,30,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஒருநாள்கூட நடுவழியில் நின்றதில்லை. பெரிய செலவு என்று பார்த்தால் கிளட்ச் ஒருமுறை, ரேடியேட்டர் ஒருமுறை. “என்ஜின் கல்லு மாதிரி இருக்கு, எதுக்கு சார் மாத்தறீங்க?” என்கிறார் மெக்கானிக். ஆனால் மகள் இப்போது ஓட்டப் பழகுகிறாள். இந்தக் காரில் அவளைத் தனியாக அனுப்பமாட்டேன் என்று மனைவி ஒரே பிடியாக நிற்கிறாள்.

ஆறு மாதமாக ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்குகிறேன். எல்லாம் உயரமாக, அகலமாக, நடுவில் டிவி வைத்த மாதிரி இருக்கிறது. டர்போ என்கிறார்கள், ஹைப்ரிட் என்கிறார்கள், இனி மின்சாரம்தான் என்கிறார்கள். எனக்கு இதே மாதிரி இன்னொன்று வேண்டும், அவ்வளவுதான். எதை எடுக்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

மெக்கானிக் சொல்வதும் சரி, உங்கள் மனைவி சொல்வதும் சரி. அவர் என்ஜினைப் பார்க்கிறார், இவர் அதைச் சுற்றியிருக்கும் தகட்டைப் பார்க்கிறார்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் ஆன்கேப் என்ற அமைப்பு, 2017இல் இரண்டு டொயோட்டா கொரோலாக்களை நேருக்கு நேர் மோதவிட்டது. ஒன்று 1998ஆம் வருடத்துக் கார், மற்றது 2015ஆம் வருடத்துக் கார். வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். இடையில் 17 வருடம், சரியாக உங்கள் காரின் வயது. புதியதற்கு 16க்கு 12.93 மதிப்பெண் கிடைத்தது. பழையதற்கு 0.40. என்ஜின் எவ்வளவு நன்றாக ஓடியது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. உங்களுடையது அதைவிடப் பிந்தைய கார், ஏர்பேக்கும் இருக்கலாம். ஆனால் ஈ.எஸ்.சி. இருக்கிறதா என்று பாருங்கள். ஈர வளைவில் கார் வழுக்கும்போது எந்தச் சக்கரத்துக்குப் பிரேக் வேண்டுமோ அதற்கு மட்டும் தானாகப் போட்டு நேராக்குகிற ஏற்பாடு அது. புதிதாக ஓட்டுகிறவருக்கு அதுதான் பெரிய துணை. உங்கள் காரில் அது இல்லையென்றால் விவாதம் முடிந்தது, மனைவி ஜெயித்துவிட்டார்.

“இதே மாதிரி இன்னொன்று” என்ற ஆசை எனக்கும் இருந்தது. பழைய காரைக் கொடுத்துவிட்டு அதே பெயரில் வந்த புதிய காரையே வாங்கினேன். முதல்நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து வழக்கமான இடத்தில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது, கதவுக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடம். வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நழுவி இறங்கினேன். இன்றுவரை அப்படித்தான் இறங்குகிறேன். கார்கள் தலைமுறைக்குத் தலைமுறை வளர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. 1974இல் வந்த முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபின் நீளம் 3.7 மீட்டர். அதற்கு அடுத்த கீழ்ப்படியில் இருக்கவேண்டிய போலோ, 2017இல் வந்தபோது 4.05 மீட்டர். தம்பி அண்ணனைத் தாண்டிவிட்டான். ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள். உங்கள் காரைவிட ஒரு படி கீழே இருப்பதைப் பாருங்கள், அளவு ஏறக்குறைய அங்கேதான் பொருந்தும். டேப்பை எடுத்துப்போய்க் கதவைத் திறந்துவைத்து அளந்துபாருங்கள். ஷோரூம்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இனி உள்ளே இருப்பது. உங்கள் கார் நின்றுபோகாததற்குப் பாதிக் காரணம் அதில் கெட்டுப்போக அதிகம் இல்லை என்பதுதான். மீதிப் பாதி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய நீங்கள். ஷோரூமில் எல்லோரும் குதிரைசக்தியைக் கேட்கிறார்கள். நீங்கள் கியர்பாக்ஸைக் கேளுங்கள். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகிறவருக்கு ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் இரண்டு மாறிமாறிக் கியரைப் பிடிக்கிற ‘இரட்டைக் கிளட்ச்’ ஆட்டோமேட்டிக்கை நான் சொல்லமாட்டேன், சூடாகும். கியர் படிகளே இல்லாமல் பெல்ட்டால் சீராக மாறிக்கொண்டே போகும் சி.வி.டி. ஆட்டோமேட்டிக் பரவாயில்லை, ஆனால் அதன் ஆயிலை ‘ஆயுளுக்கும் மாற்றவேண்டாம்’ என்று யாராவது சொன்னால் யாருடைய ஆயுளுக்கு என்று கேளுங்கள்.

காற்றை அழுத்தி உள்ளே தள்ளிச் சக்தியைக் கூட்டும் சின்ன டர்போ என்ஜின்கள் ஓட்டச் சுகமாக இருக்கும். ஆனால் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜினில், உள்ளிழுக்கும் வால்வின்மேல் பெட்ரோல் படுவதே இல்லை. கழுவ ஆளில்லாமல் அங்கே கரி படியும். சிலவற்றில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் என்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. தப்பான ஆயிலை ஊற்றினால் பெல்ட் உதிர்ந்து, அந்தத் துகள் ஆயில் போகும் வழியை அடைக்கும். 15 வருடம் வைத்துக்கொள்ள நினைக்கிறவருக்கு இது வேண்டாத வம்பு.

என்னைக் கேட்டால், முதலில் பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் டொயோட்டா பாணி ஹைப்ரிட்டைப் பாருங்கள். சிக்கலானது என்று பயப்படுகிறார்கள், உண்மையில் அதில் இல்லாத உறுப்புகளின் பட்டியல்தான் நீளம். கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. என்ஜினையும் இரண்டு மின்மோட்டார்களையும் ஒரு பல்சக்கரத் தொகுதி இணைக்கிறது. வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிப்பதால் பிரேக் பேடும் மெதுவாகத்தான் தேயும். 1997இல் டொயோட்டாவின் ப்ரியஸ் காரில் வந்த ஏற்பாடு, இளமைக் கோளாறுகளை எப்போதோ தாண்டிவிட்டது. அது கைக்கு எட்டாவிட்டால் டர்போ இல்லாத, டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் வைத்த சாதாரணப் பெட்ரோல் கார்.

மின்சாரக் காருக்கு ஒரே கேள்வி: இரவில் கார் நிற்கும் இடத்தில் சொந்தமாகச் சார்ஜ் போட வழி இருக்கிறதா? இருந்தால் தாராளமாக எடுக்கலாம், எல்.எஃப்.பி. என்கிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரியாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம்.

நடுவில் இருக்கும் அந்த டிவியைப் பற்றி உங்களுக்கு வரும் எரிச்சல் எனக்கும் உண்டு. கண்ணாடியில் ஆவி படிந்தபோது, துடைக்கும் காற்றுக்கான பட்டனைத் திரையில் மூன்று அடுக்குக்குக் கீழே தேடியிருக்கிறேன், அதுவும் ஓட்டிக்கொண்டே. டெஸ்ட் டிரைவுக்கு மகளையும் கூட்டிப்போங்கள். வண்டி நிற்கும்போதே வைப்பர், ஏசி, ஹசார்ட் விளக்கு மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்லுங்கள். விரல் தடுமாறினால் அடுத்த காருக்குப் போய்விடலாம்.

டிக்கித் தரையையும் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி இருக்கவேண்டிய பள்ளத்தில் ஒரு பசை டப்பாவும் சின்ன காற்றுப் பம்பும் மட்டும் இருக்கக்கூடும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசை எதற்கும் ஆகாது. தனியாக ஸ்டெப்னி கிடைக்குமா, அந்தப் பள்ளத்தில் அது உட்காருமா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.